பதினாறு வயதில் மிதிவண்டி, ஐம்பது வயதில் மாத்திரை

சென்னை எழும்பூரிலிருந்து விழுப்புரம் செல்லும் ரயில் பாதையில், திண்டிவனத்துக்குச் சற்று வடக்கே இருக்கும் சிறிய நிலையம் ஒலக்கூர். விரைவு ரயில்கள் நிற்காமல் கடந்துவிடும். பயணிகள் ரயில்களே இங்கு நின்று செல்லும். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் என்பதால் சுற்றுப்புறக் கிராம மக்கள் ஏதேனும் ஒரு வேலையாக இங்கு வந்து போகிறார்கள். நெல்லும் மணிலாவும் விளையும் நிலம். ஊருக்கு ஊர் ஏரி. இவற்றுக்கிடையே ஒன்றியத்தை நெடுக்காகப் பிளந்து செல்லும் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை. வட தமிழகத்தின் நூற்றுக்கணக்கான ஒன்றியங்களைப் போன்றதுதான் ஒலக்கூரும்.

இத்தகைய ஊரில் பிறந்து அரசுப் பள்ளியில் படிக்கும் ஒருவருக்குத் தமிழக அரசு வாழ்நாளில் இரண்டு பொருள்களைத் தருகிறது. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் ஒரு விலையில்லா மிதிவண்டி. நாற்பத்தைந்து வயதைக் கடந்தபின், தேவை ஏற்பட்டால், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக வீட்டு வாசலுக்கே வந்துசேரும் ரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகள். முதலாவது திட்டம் 2001-02-ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கப்பட்டு, பின்னர் எல்லாச் சமூகத்து மாணவ, மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. இரண்டாவது 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இரண்டுமே பிற மாநிலங்கள் வியந்து பார்த்த நல்ல திட்டங்கள்.

ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த முப்பது ஆண்டுகளில் மிதிவண்டி எங்கே போகிறது? பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையிலேயே அது திண்ணையோரம் சாத்தப்பட்டுவிடுகிறது. கல்லூரிக்குப் பேருந்து, வேலைக்குச் சேர்ந்ததும் தவணையில் மோட்டார் சைக்கிள். அந்த மிதிவண்டி தொடர்ந்து ஓடியிருந்தால் பின்னாளில் வாசலுக்கு வரும் மாத்திரைகளின் எண்ணிக்கை குறைந்திருக்குமா என்ற கேள்விக்கு இன்றைய மருத்துவ ஆய்வுகள் தெளிவான விடையைத் தருகின்றன.

நோயின் கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. அதன்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயாளிகள், மேலும் 13.6 கோடிப் பேர் நோயின் வாசற்படியில் நிற்பவர்கள். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 31.5 கோடிப் பேர். ஒரு காலத்தில் 'பணக்கார நோய்' என்று சொல்லப்பட்ட நீரிழிவு, இன்று கிராமத்துக் கூலித் தொழிலாளியின் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட மற்றொரு மதிப்பீடு, இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்கிறது. பெண்களில் இந்த விகிதம் 57 விழுக்காடு. ஆண்களில் 42 விழுக்காடு. உழவு மாடுகளின் இடத்துக்கு டிராக்டரும், அறுவடைக் கூலிகளின் இடத்துக்கு அறுவடை இயந்திரமும், நடைக்கும் மிதிவண்டிக்கும் பதிலாக மோட்டார் சைக்கிளும் வந்தபின், கிராம வாழ்க்கை என்றாலே உழைக்கும் வாழ்க்கை என்ற பழைய சமன்பாடு குலைந்துவிட்டது. உழைப்பு குறைந்தது, தட்டிலுள்ள வெள்ளை அரிசிச் சோற்றின் அளவு குறையவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, வயதுவந்த ஒருவர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். பள்ளிப் பருவத்தினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் தேவை. இப்போது ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பள்ளி ஐந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்ற நிதானமான வேகத்தில் மாணவி ஒருத்தி மிதிக்கிறாள். போக 25 நிமிடம், வர 25 நிமிடம். வாரத்தில் ஐந்து நாள்களுக்கு 250 நிமிடங்கள். உடற்பயிற்சி என்ற சொல்லைக்கூட நினைக்காமல், அந்த மாணவி தன் வயதுக்கு வேண்டிய உடலுழைப்பின் பெரும்பகுதியை முடித்துவிடுகிறாள். அதே தொலைவில் வேலைக்குச் செல்லும் முப்பது வயதுக்காரர் மிதிவண்டியில் போனால், அவருக்கான குறைந்தபட்ச அளவைத் தாண்டியே விடுகிறார். அன்றாடப் போக்குவரத்துக்குள்ளேயே உடலுழைப்பு அடங்கிவிடுவதுதான் மிதிவண்டியின் தனிச் சிறப்பு. அதிகாலையில் எழுந்து நடைப்பயிற்சிக்குச் செல்ல நேரமும் மனமும் வேண்டும்; வேலைக்குப் போவதற்கோ எப்படியும் நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

உடலுக்குள் நடப்பது என்ன?

பெடலை மிதிக்கும்போது முதன்மையாக உழைப்பவை தொடை, இடுப்பு, கெண்டைக்கால் தசைகள். நம் உடலிலேயே பருமனான தசைகள் இவை. எனவே அதிக எரிபொருளைக் கேட்பவை. பொதுவாக ரத்தத்திலுள்ள சர்க்கரை தசைக்குள் செல்ல இன்சுலின் தேவை. ஆனால் தசை சுருங்கி விரிந்து உழைக்கும்போது, இன்சுலினின் துணையில்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் வேறொரு வழியும் திறக்கிறது. இன்சுலின் சரிவரச் செயல்படாத நீரிழிவு நோயாளிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மிதித்து முடித்த பின்னும் ஓரிரு நாள்கள் வரை தசைகள் இன்சுலினுக்கு நன்கு கட்டுப்படுகின்றன. அதன் பிறகு அந்தப் பயன் மங்கத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐம்பது கிலோமீட்டர் மிதிப்பதைவிட, அன்றாடம் ஆறேழு கிலோமீட்டர் மிதிப்பதை மருத்துவர்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுதான்.

இதயமும் ஒரு தசையே. தொடர்ந்து மிதிவண்டி ஓட்டுபவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தை வெளியேற்றப் பழகுகிறது. ஓய்வு நேரத்தில் துடிப்பு எண்ணிக்கை குறைகிறது. ரத்தக் குழாய்கள் நெகிழ்வடைகின்றன. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இத்தகைய பயிற்சியைத் தொடர்ந்து மேற்கொண்டால் மேல் அளவு ஐந்து முதல் எட்டுப் புள்ளிகள் வரை இறங்கக்கூடும் என்று அமெரிக்க இதயநல அமைப்புகளின் வழிகாட்டுதல் குறிப்பிடுகிறது. சிலருக்கு இது ஒரு மாத்திரையின் பயனுக்கு நிகர்.

மூட்டுவலிக்காரர்களுக்கும் மிதிவண்டி நண்பன். நடக்கும்போது முழங்கால் மூட்டின்மீது உடல் எடையைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான விசை இறங்குகிறது. மிதிவண்டியில் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்கிக்கொள்வதால், நிதானமாக மிதிக்கும்போது அந்த விசை ஏறத்தாழ உடல் எடையின் அளவோடு நின்றுவிடுகிறது. அதே காரணத்தால் ஒரு குறையும் உண்டு: எடையைத் தாங்காத பயிற்சி என்பதால் மிதிவண்டி ஓட்டுவது எலும்பின் அடர்த்தியைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. நடை, மாடிப்படி ஏறுதல், சற்றுச் சுமை தூக்குதல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது. குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு.

ஆய்வுகள் சொல்வது

உடலுழைப்புக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலாகத் தெளிவாக எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் ஜெர்ரி மோரிஸ். 1953-இல் வெளியான அவருடைய ஆய்வு லண்டன் மாடிப் பேருந்துகளின் ஊழியர்களைப் பற்றியது. நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படிகளில் ஏறி இறங்கிப் பயணச்சீட்டு கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. நடந்தும் மிதிவண்டியிலும் கடிதங்களைக் கொண்டுசேர்த்த அஞ்சல்காரர்களை, உட்கார்ந்து வேலை பார்த்த அஞ்சல் துறை ஊழியர்களுடன் ஒப்பிட்டபோதும் அதே முடிவு கிடைத்தது. ஒரே நிறுவனம்; வேறுபாடு கால்களின் உழைப்பில்தான்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2000-இல் வெளியானது. வேலைக்கு மிதிவண்டியில் செல்வோரைவிட, அவ்வாறு செல்லாதோரின் இறப்பு விகிதம் 39 விழுக்காடு அதிகமாக இருந்தது. பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பளிப்பது. மிதிவண்டியில் வேலைக்குச் செல்வோரிடையே இறப்புக்கான வாய்ப்பு 41 விழுக்காடும், இதயநோய்க்கான வாய்ப்பு 46 விழுக்காடும், புற்றுநோய்க்கான வாய்ப்பு 45 விழுக்காடும் குறைவாக இருந்தன. இவை மக்களைக் கவனித்துத் திரட்டிய புள்ளிவிவரங்கள். மிதிவண்டி ஓட்டுபவர்கள் பிற வகையிலும் நலமாக வாழ்பவர்களாக இருக்கலாம் என்ற ஐயத்தை இத்தகைய ஆய்வுகளால் முற்றிலும் நீக்கிவிட முடியாது. எனினும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு காலங்களில் ஒரே திசையைச் சுட்டும் முடிவுகளை ஒதுக்கிவிடவும் முடியாது.

மேலைநாட்டு ஆய்வுகள் நமக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு உணவுக் கட்டுப்பாடும் நாளொன்றுக்குக் குறைந்தது அரைமணி நேர உடலுழைப்பும் அறிவுறுத்தப்பட்டன. ஏற்கெனவே அவ்வளவு நேரம் நடப்பவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும் அதையே தொடருமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். இன்னொரு குழுவினருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. மூன்றாம் குழுவினருக்கு இரண்டும். நான்காம் குழுவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இந்த நான்காம் குழுவுடன் ஒப்பிட்டபோது, வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டவர்களிடையே நீரிழிவு 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை எடுத்தவர்களிடையே 26.4 விழுக்காடு. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. அளவான உணவும் அரைமணி நேர உழைப்பும் மாத்திரைக்கு ஈடாக நின்றன என்பதே இதன் பொருள். இது நோய் வருமுன் உள்ள நிலைக்கான முடிவு. நோய் வந்தபின் மருத்துவர் தந்த மாத்திரையை எவரும் தாமாக நிறுத்திவிடலாகாது.

மனதுக்கு மருந்து

உடலின் கணக்கைவிட மனதின் கணக்கு நுட்பமானது. அமெரிக்காவில் 12 லட்சம் பேரிடம் திரட்டிய தகவல்களைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, கடந்த ஒரு மாதத்தில் மனம் சரியில்லாமல் கழிந்த நாள்கள் எத்தனை என்று கேட்டது. உடற்பயிற்சி செய்வோருக்கு அத்தகைய நாள்கள் 43 விழுக்காடு குறைவு. மனநலத்துடன் மிக நெருக்கமான தொடர்பு காட்டிய உழைப்பு வகைகளில் குழு விளையாட்டு முதலிடத்திலும் மிதிவண்டி இரண்டாமிடத்திலும் இருந்தன. வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள்கள், ஒவ்வொரு முறையும் 45 நிமிடங்கள் என்பதே மிகுந்த பலன் தந்த அளவு. அதற்கு மேல் வரம்பின்றி நேரத்தைக் கூட்டுவதால் பலன் கூடிவிடவில்லை.

காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. ஒரே தாளத்தில் மிதிக்கும் கால்கள், முகத்தில் மோதும் காற்று, இருபுறமும் நகரும் வயல், கையில் கைப்பேசி இல்லாத அரைமணி நேரம். பகல் வெளிச்சமும் உடல் களைப்பும் இரவு உறக்கத்தைச் சீராக்குகின்றன. உறக்கம் சீரானால் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் எதிரான பாதி வேலை முடிந்தது. சமநிலை பேணுவதும், பாதையைக் கவனிப்பதும், எதிர்வரும் வண்டியின் வேகத்தைக் கணிப்பதும் மூளைக்கும் பயிற்சி. பிரிட்டனில் ஐம்பது வயதைக் கடந்தவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், எட்டு வாரங்கள், வாரத்துக்கு மூன்று முறை, அரைமணி நேரம் மிதிவண்டி ஓட்டியவர்களின் சிந்தனைத் திறனில் முன்னேற்றம் காணப்பட்டது. மின்கலம் பொருத்திய மிதிவண்டியை ஓட்டிய முதியவர்களும் பயன் பெற்றனர். எதிர்காற்றில் மூச்சு வாங்குமே என்று தயங்கும் முதியவர்களுக்கு இது நல்ல செய்தி.

மனநலத்தின் இன்னொரு முகம் தன்னம்பிக்கை. இதற்குத் தமிழ்நாட்டிலேயே உலகம் அறிந்த சான்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கமளித்தார். 1992-ஆம் ஆண்டு உலக மகளிர் நாளில் ஆயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மணியொலிக்க மிதிவண்டிகளில் புதுக்கோட்டை வீதிகளில் வலம் வந்த காட்சியைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். கல்குவாரித் தொழிலாளர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் கிராமச் செவிலியர்களும் கேலிப் பேச்சுகளைப் பொருட்படுத்தாமல் ஓட்டக் கற்றார்கள். பேருந்துக்காகக் காத்திருப்பதும், தந்தையையோ கணவரையோ சகோதரரையோ எதிர்பார்ப்பதும் குறைந்தன. தன் நேரம் தன் கையில் என்ற உணர்வு, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காத மனவலிமை.

பிகாரில் 2006-இல் தொடங்கிய மாணவியருக்கான மிதிவண்டித் திட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும், அத்திட்டத்தால் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியரின் எண்ணிக்கை 32 விழுக்காடு கூடியதாகக் கண்டறிந்தனர். பள்ளி தொலைவில் இருந்த கிராமங்களில்தான் பயன் மிகுதி. இருசக்கர வாகனமோ ஆட்டோவோ வைத்துக்கொள்ள இயலாத வீட்டில், மிதிவண்டி ஒரு பெண்ணின் படிப்பைக் காப்பாற்றுகிறது.

ஏன் கைவிட்டோம்?

இவ்வளவு நன்மை தரும் ஒன்றை ஏன் கைவிட்டோம்? முதல் காரணம் மதிப்பு. ஒரு காலத்தில் ஊருக்கு ஒருவர் இருவர் வைத்திருந்த மிதிவண்டி கௌரவச் சின்னம். வரதட்சணைப் பட்டியலில்கூட இடம்பெற்றது. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொள்ளச் சிறுவர்கள் ஏங்கிய காலம் அது. மோட்டார் சைக்கிள் பரவியபின் மிதிவண்டி இல்லாமையின் அடையாளமாயிற்று. வேலை கிடைத்த பின்னும் மிதிவண்டியில் செல்லும் இளைஞரை ஊர் வேறு விதமாகப் பார்க்கிறது. பெட்ரோல் விலை லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டிய பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. நகரத்திலோ நிலைமை தலைகீழ்: பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள கியர் மிதிவண்டியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வது இன்று பெருமைக்குரியது. தமிழகக் காவல் துறைத் தலைமை இயக்குநராக இருந்து 2023-இல் ஓய்வுபெற்ற சி. சைலேந்திர பாபு போன்றோர் நெடுந்தொலைவு மிதித்து இளைஞர்களிடையே ஆர்வத்தை வளர்த்தது பாராட்டத்தக்கது. அந்தப் பெருமையில் ஒரு பங்கு, பள்ளியில் பெற்ற மிதிவண்டியில் வேலைக்குச் செல்லும் கிராமத்து இளைஞருக்கும் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் அச்சம். அந்த அச்சம் நியாயமானது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் ஐயாயிரத்துக்கு நெருக்கமானோர் மிதிவண்டியில் சென்றவர்கள். நெதர்லாந்தில் 2010-இல் வெளியான கணக்கீடு ஒன்று, காரை விட்டு மிதிவண்டிக்கு மாறுபவருக்குக் கிடைக்கும் ஆயுள் நீட்சி பல மாதங்கள் என்றும், விபத்தால் நேரும் இழப்பு சில நாள்களே என்றும் காட்டியது. அந்தக் கணக்கு மிதிவண்டிக்குத் தனிப்பாதை உள்ள நாட்டின் கணக்கு. நான்கு வழிச்சாலையின் ஓரத்தில், எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நிறுத்தப்பட்ட லாரிகளுக்கும் நடுவே மிதிக்கும் ஒலக்கூர் மாணவிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

நெதர்லாந்தும் பிறவியிலேயே மிதிவண்டி நாடாக இருந்துவிடவில்லை. கார்கள் பெருகிய பின் 1971-இல் மட்டும் அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலைகளில் இறந்தனர். அவர்களுள் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு தனிப்பாதைகளை அமைக்கத் தொடங்கியது. மக்கள் கேட்டதால் சாலை மாறியது. சாலை மாறியதால் மிதிவண்டி நிலைத்தது.

தனிப்பாதை என்றவுடன் ஐரோப்பாவை மட்டும் நினைக்க வேண்டியதில்லை. இதே விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில் உள்ள ஆரோவில்லில், மரநிழலில் செம்மண் தரையில் மிதிவண்டிகளுக்கென்றே பாதைகள் உள்ளன. கோடிக்கணக்கில் செலவழிக்காமலும் மிதிவண்டிக்கு இடமளிக்க முடியும் என்பதற்கு அவை சான்று.

செய்ய வேண்டியவை

விலையில்லா மிதிவண்டித் திட்டத்தை நடத்துவது பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்டோரின் நலத் துறை. மாத்திரை தருவது மக்கள் நல்வாழ்வுத் துறை. சாலை போடுவது நெடுஞ்சாலைத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் தேசிய நெடுஞ்சாலை ஆணையமும். ஆண்டுதோறும் ஐந்து லட்சம் அளவில் மிதிவண்டிகளை வழங்கும் ஓர் அரசு, அவை ஓடுவதற்கான பாதையைத் தனியொரு துறையின் பொறுப்பாக்கவில்லை. இந்த மூன்று கணக்குகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதுதான் முதல் தேவை.

பெரிய செலவின்றிச் செய்யக்கூடியவை பல. நெடுஞ்சாலையோரம் பள்ளி உள்ள ஊர்களில் சர்வீஸ் சாலையை இடைவெளியின்றி இணைத்து, அதில் லாரிகள் நிற்பதைத் தடுக்கலாம். மாணவர்கள் கடக்கும் இடங்களில் சுரங்கப்பாதையோ, வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடோ செய்யலாம். கிராமங்களை இணைக்கும் ஏரிக்கரைப் பாதைகளையும் வண்டிப் பாதைகளையும் செப்பனிட்டால், நெடுஞ்சாலையைத் தொடாமலே பள்ளிக்கும் சந்தைக்கும் செல்ல வழி பிறக்கும். ஒலக்கூர் போன்ற சிறு ரயில் நிலையங்களில் நிழலும் பூட்டும் உள்ள மிதிவண்டி நிறுத்தம் இருந்தால், வீட்டிலிருந்து நிலையம் வரை மிதிவண்டி, அங்கிருந்து திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ ரயில் என்ற இணைப்பு உருவாகும். பேருந்து நிறுத்தங்களுக்கும் இது பொருந்தும்.

2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையை மக்கள் நல்வாழ்வுத் துறை அமைத்தது. ஒன்றியந்தோறும் அன்றாடப் பயணத்துக்குப் பயன்படும் ஒரு மிதிவண்டிப் பாதை என்பது அதன் இயல்பான அடுத்த கட்டமாக இருக்கும். மாத்திரை கொண்டுவரும் களப்பணியாளர், வீட்டில் சும்மா நிற்கும் மிதிவண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

மீண்டும் மிதிக்க விரும்புவோர் மனத்தில் கொள்ள வேண்டியவை சில. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் இலேசாக மட்டும் மடங்கியிருக்கும்படி இருக்கையை உயர்த்த வேண்டும். இருக்கை தாழ்ந்திருப்பதே பெரும்பாலோரின் முழங்கால் வலிக்குக் காரணம். டயரில் காற்று குறைந்திருந்தால் உழைப்பு வீணாகும். பிரேக் கட்டை, மணி, பின்புறச் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். பிறகு படிப்படியாகக் கூட்டலாம். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது என்பதே மிதமான வேகத்துக்கான எளிய அளவுகோல். கத்திரி வெயில் காலத்தில் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் மட்டும் ஓட்டுவது நலம். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், திடீரெனச் சர்க்கரை தாழ்ந்தால் வாயில் போட்டுக்கொள்ளப் பையில் மிட்டாய் வைத்திருக்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

எல்லாப் பயணத்துக்கும் மிதிவண்டி என்பது நடக்காத காரியம். நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொழிற்சாலைக்கு மிதிவண்டியில் போகச் சொல்ல முடியாது. ஆனால் பால் சங்கத்துக்கும் நியாயவிலைக் கடைக்கும் வங்கிக்கும் வயலுக்கும் ரயில் நிலையத்துக்கும் செல்லும் பயணங்கள் பெரும்பாலும் ஐந்து கிலோமீட்டருக்குள் அடங்குபவை. அவற்றில் பாதியை மிதிவண்டிக்கு மாற்றினாலே, வாரத்துக்கு 150 நிமிடங்கள் என்ற இலக்கு எட்டிவிடும் தொலைவில் வந்துவிடும்.

பதினாறு வயதில் தரப்பட்ட மிதிவண்டியின் பயன் பதினெட்டு வயதில் முடிந்துவிட வேண்டியதில்லை. செயினுக்கு எண்ணெய் விட்டு, டியூபை மாற்றிவிட்டால் அது இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அது ஓடுவதற்கு அச்சமில்லாத ஒரு பாதையை அமைத்துக் கொடுப்பது அரசின் கடமை. அதைத் திண்ணையிலிருந்து இறக்குவது நம் கடமை.